பொய்க்காக ஒரு பட்டினி

"டம்ளரைக் கீழ வைடி! ஆபரேஷனுக்குப் போறவ வாயில சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு தெரியாது?"

மாமியாரின் அதட்டலில் அவள் டம்ளரை வைத்துவிட்டாள். நேற்று மாலையிலிருந்தே அவள் சாப்பிடவில்லை. உண்மையில் பட்டினி கிடக்க வேண்டியவன், வாசலில் தலைகுனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவன்!

"எட்டு வருஷம் பொறுத்துட்டேன். இதுலயும் ஒண்ணும் தங்கலேன்னா உன் பெட்டியை நானே கட்டிடுவேன்... என் பிள்ளைக்கு வேற இடம் பார்த்தாச்சு!"

அவன் வாய் திறக்கவில்லை. விதைப்பையில் ரத்தக்குழாய்கள் வீங்கி உயிரணு குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, "அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவேன்" என்று அவள் கையைப் பிடித்து அழுதவன் அவன். அன்று அந்தக் குறையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள், இன்னும் இறக்கி வைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து அவனை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். "மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணுவோம். உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அவள் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் வெறும் வயிற்றோடு கிடக்கும்போது தான் மட்டும் சாப்பிட மனம் வரவில்லை.

கதவு திறந்தது. மாமியார்! கையில் அவளுடைய நைட்டி.

"மாத்துத்துணிகூட எடுக்காம வந்துட்டியே, புத்திகெட்டவளே..." என்று ஆரம்பித்தவள், கட்டிலில் கிடந்த மகனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "நீ ஏன்டா இங்க படுத்திருக்க?"

"அவருக்கு லேசா மயக்கம் அத்தை..." என்று அவள் பதறினாள்.

"போதும், விடு!" அவன் எழுந்து உட்கார முயன்றான். "குறை எனக்குத்தாம்மா. ஆபரேஷனும் எனக்குத்தான். இவளை நீ பேசினப்பல்லாம் நான் கல்லு மாதிரி நின்னேன்... நான் மனுஷனே இல்லம்மா!"

மாமியார் மெல்ல மருமகளின் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னைப் பார்த்த மாதிரி அவரையும் நீங்க பார்த்துடுவீங்களோன்னு பயந்தேன் அத்தை."

மாமியார் அவளுடைய உலர்ந்த உதட்டைப் பார்த்தாள்.

"அப்போ... நேத்துலேருந்து நீ பட்டினி கிடந்தது?"

மாமியார் நைட்டியைக் கட்டிலில் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடியே கேன்டீனுக்கு ஓடினாள். இரண்டு பன்னும் டீயுமாகத் திரும்பியவள், ஒரு துண்டைப் பிய்த்து டீயில் நனைத்து மருமகளின் வாயருகே நீட்டினாள்.

"சாப்பிடும்மா..."

எட்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து முதல் 'அம்மா'. மருமகள் வாயைத் திறந்தாள்.