வளைவில் எடுத்த கல்

மாலை ஐந்தே முக்காலுக்கு மூன்று மீன்களும் சண்டையை நிறுத்தின.

அலன் மீன்களுக்கு மட்டிச் சதை நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்தான். இரண்டு மாதமாக அந்தக் கண்ணாடித் தொட்டியில் இப்படி ஒரு நிமிடம் இருந்ததில்லை. வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடியாக வாழ்பவை. இரண்டு சேர்ந்துவிட்டால் மூன்றாவதை அண்டவிடா. நடுவில் கண்ணாடி வைத்துப் பார்த்தான். மூன்றையும் வாளிக்கு மாற்றி, கற்களை இடம் மாற்றி, ஒன்றாக விட்டுப் பார்த்தான். மறுநாள் மூன்றாவதின் வால் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

கொடகவெலையில் தாய் வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அவன் மனைவி ஸ்டெபானி தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

"ஒண்ண ரெண்டு போட்டு அடிக்கிறத பாத்துக்கிட்டு என் புள்ள வளர வேணாம். ஒண்ணா இருந்தா வைங்க. இல்லாட்டி நா வர்றதுக்குள்ள தொட்டிய தூக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். இன்று வெள்ளி.

இப்போது மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தலைகள் புதிய கல்லின் பக்கம். நிஜமான கண்ணைக் கறுப்புப் பட்டை மறைத்திருக்கும். வாலருகே இருக்கும் வட்டப் புள்ளிதான் கண்போலத் தெரியும். மூன்று புள்ளிகள் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மீன் ஒளிந்துகொள்ள இடமிருந்தால் சண்டை குறையும் என்று அந்தக் கல்லை அன்று மதியம்தான் எடுத்து வந்தான். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஆறு திரும்பும் வளைவு. கறுப்பு, உருண்டை, ஒரு கையில் அடங்கும் அளவு. தோட்டத்துச் சனம் அங்கேதான் கருமாதி செய்யும். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரனான அவனுக்கு ஆற்றுக்கல் ஆற்றுக்கல்தான். அடிப்பக்கம் லேசாக மஞ்சள் இருந்தது. தேங்காய்த் தும்பால் தேய்த்தான். நீர்கொழும்பில் மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேலை பார்த்தபோது பழகியபடி, சட்டியில் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்தான். பிறகு தொட்டியில் இறக்கினான்.

மட்டியைப் போட்டான். மூன்றும் திரும்பவில்லை.

சனிக்கிழமையும் திரும்பவில்லை. இறால் போட்டான். பூண்டுச் சாற்றில் ஊறவைத்துப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. துண்டுகள் மணலில் வெளுத்துக் கிடந்தன. குச்சியால் மீன்களை விலக்கினான். விலகின. குச்சியை எடுத்ததும் அதே வரிசைக்கு வந்தன.

"சனியன்களே, தின்னுங்க."

ஸ்டெபானி தொலைபேசியில் அழைத்தாள்.

"புள்ளைக்கு ஏணை கட்டியாச்சா?"

"காலையிலேயே கட்டிட்டேன். ஒன்ட செவப்புச் சேலையில."

"மீனு?"

"சண்ட இல்ல. சாப்பிடத்தான் மாட்டேங்குது."

"யாரு அங்க இருமுறது?"

"யாருமில்ல. மோட்டாரு."

மழை தகரத்தில் விழுந்து, கூரைப் பீலியில் விழுந்து, வாசல் சேற்றில் விழுந்து மூன்று விதமாகச் சத்தமிட்டது. தொட்டியின் மோட்டார் அதற்குக் கீழே முனகியது. கொழுந்து வாடும் வாசனை மேட்டிலிருந்த தொழிற்சாலையிலிருந்து ஈரக் காற்றோடு இறங்கி வந்து, எப்போதும் தொட்டிக்கு மேலே நிற்கும் உப்பு வாசனையோடு கலக்கும். இன்று உப்பு வாசனை இல்லை. அவன் குனிந்து முகர்ந்தான். அணைந்த சூடத்தின் வாசனை.

வரிசை வீடுகளான அந்த லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் கூரை வரை போகாது. அதற்கு மேலே இருக்கும் இடைவெளியால் எல்லாம் கேட்கும். பக்கத்து வீட்டு இலட்சுமி கேட்டாள்.

"என்னா தம்பி, யார போட்டு ஏசுறீங்க?"

"மீனத்தான்க்கா. ரெண்டு நாளா வாயே தொறக்கல."

"அதுகளுக்கென்ன, கடல் தண்ணி, மீன் கொண்டாற ஸப்ரி நானாட லொறில ஏறி வருது. எங்களுக்கு ஊத்துப் பீலித் தண்ணி. ராசா வீட்டுப் புள்ளைக, அப்படித்தான் அடம்புடிக்கும்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். நீங்க புள்ள பாக்க போயிருந்தீங்களே, கருமாதி அன்னைக்கு, காக்கா சோத்த தொடவேயில்ல. எல வச்சு எல வச்சு பாத்தாச்சு. மழையும் வந்துருச்சு. கல்ல ஆத்துல வுடாம அப்படியே வளைவுல வச்சுட்டு வந்துட்டோம்."

அலன் தொட்டியிலிருந்த கல்லைப் பார்த்தான்.

"நானே தேடி எடுத்த கல்லு. கறுப்பா, உருண்டையா. மஞ்ச பூசி வச்சேன். பசியோட போயிட்டாரு, தம்பி."

செத்தவரைக் கல்லில் வரவழைத்து, சோறு படைத்து, முடிந்ததும் கல்லை ஆற்றில் விடுவார்கள். இது அலனுக்குத் தெரியும். சிறுவயதிலிருந்தே தெரியும். கொதித்த தண்ணீரில் அந்தக் கல் சட்டியின் அடியைத் தட்டிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது.

கரண்டு போனது.

மோட்டார் நின்றது. மழையும் அப்போதுதான் விட்டிருந்தது. அறையில் சத்தமே இல்லை.

கல்லுக்கு அடியிலிருந்து குமிழ் வந்தது.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

இடைவெளி.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

இரண்டு வருடம் சுவருக்கு மேலால் கேட்ட இருமல். இலட்சுமியின் புருசன் முத்துவீரன் அண்ணனின் இருமல்.

கையை விட்டான். தண்ணீர் சில்லென்றிருந்தது. கல் சூடாக இருந்தது. வைத்தபோது ஒரு கையால் வைத்தான். எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். தேயிலைச் செடிகள் காற்சட்டையை நனைத்தன. வளைவில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கல்லை விட்டான். அது மூழ்குவதைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க நினைத்தான். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினான்.

வீட்டுக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கரண்டு வரவில்லை. கதவைச் சாத்தினான். தொலைபேசி வெளிச்சத்தைத் தொட்டியில் அடித்தான்.

கல் இல்லை. மணலில் குழி மட்டும்.

மீன்கள் வரிசையாகத்தான் நின்றன. ஆனால் திரும்பியிருந்தன. முதல் தடவையாக மூன்றின் முகத்தையும் நேராகப் பார்த்தான். வாய்கள் திறந்து மூடின. திறந்து மூடின. எதையோ தின்னக் கேட்பது போல.

அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி.

அவனுக்குப் பின்னால் ஏணை.

சொட்டு விழுந்தது. சீமெந்துத் தரையில். இன்னொரு சொட்டு.

திரும்பினான்.

காலையில் காற்றுக்கு ஆடிய சேலை இப்போது ஆடவில்லை. நேராக, விறைத்து, கீழே இழுபட்டிருந்தது. அடியில் உருண்டையாக ஒரு பாரம். சிவப்புத் துணி நனைந்து கறுத்திருந்தது.

சின்னதாக இரண்டு.

நீளமாக ஒன்று.

துணி விரிந்தது. சுருங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. யாரோ எழுந்து சுவர் ஓரமாக வரும் சத்தம்.

"என்னங்க... அங்கயா இருக்கீங்க? சாப்புட்டீங்களா?"