இல்லாத சக்கரத்தின் காற்று

ஜாக்கியில் ஏறி நின்ற காருக்குப் பின்பக்க இடது சக்கரமே இல்லை. ஆனாலும் உள்ளேயிருந்த சின்னத் திரை அந்த மூலைக்கு நேராக முப்பத்து மூன்று என்று, அளவு பிசகாமல், காற்றழுத்தம் காட்டிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் அளவு மீறிக் காற்றடித்ததில் அந்தச் சக்கரம்தான் அழுத்தம் எழுபதைத் தொட்டதும் வெடித்து டயர்க்காரரின் வயிற்றைக் கிழித்தது. பதினொரு தையல், இன்னும் பிரிக்கவில்லை. டயருக்குள்ளிருந்து அழுத்தத்தைக் காருக்குச் சொல்லும் சென்சார் எங்கே தெறித்ததென்று தெரியவில்லை.

"இங்கதான் எங்கயோ கிடக்கு மாப்ளே," என்றார் டயர்க்காரர். " பக்கத்துல இருந்தாத்தான் காருக்குக் கேட்கும். நம்பரைப் படி."

துணி தைக்கும் அவர் மைத்துனர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மதிய வெயிலில் தகரக்கூரை முறுக்கிக்கொண்டு முனக, சுட்ட ரப்பர் வாடை தொண்டையில் ஒட்ட, டயர்க்காரர் மூலை மூலையாகத் துழாவிவிட்டு வெறுங்கையோடு தெருவுக்குப் போனார்.

"நம்பர் போயிடுச்சு மாமா!"

திரும்பி வந்தார்.

"வந்துடுச்சு. நாப்பத்தொண்ணு. கையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே."

மறுபடி போனார். மறைந்தது. வந்தார். ஐம்பத்திரண்டு.

அப்போதுதான் டயர்க்காரரின் இடுப்பு பெல்ட் இறுக்கியது. சட்டைப் பொத்தான் ஒன்று பறந்து கார்க் கண்ணாடியில் 'டிங்' என்றது.

"நான் தச்ச பொத்தான் அறுந்ததே இல்ல மாமா," என்றார் மைத்துனர். திரையைப் பார்த்தார். "அறுபத்து நாலு."

வயிறு பளபளத்தது. ஒரு தையல் தெறித்தது. டக். இன்னொன்று.

டயர்க்காரர் பஞ்சர் ஒட்டும் ஊசியை எடுத்தார். கண்ணை மூடினார். குத்தினார்.

ரத்தம் வரவில்லை. காற்று வந்தது. ரப்பர் வாடையோடு, சூடாக.

"குறையுது மாமா! அம்பது... நாப்பது... முப்பத்து மூணு. போதும், அடைங்க!"

கட்டைவிரலால் அடைத்தார். விரல் தொய்ந்து மடங்கியது. இருபது. முழங்கால் சுருண்டது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தரையில் படிந்தன. வாய் திறந்தது. கத்தக் காற்றில்லை.

கார்க் கதவு திறந்தது. மைத்துனர் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு அழுதபடி ஓடி வந்தார்.

"பயப்படாதீங்க மாமா, நான் இருக்கேன்ல."

ஓட்டையில் வைத்து அழுத்தினார். கம்ப்ரசர் தடதடத்தது. கால் நிமிர்ந்தது. விலா எழும்பியது. பாதி முகம் உப்பித் திரும்பி வந்தது.

"எவ்வளவு வரைக்கும் மாமா?"

முப்பத்து மூன்று என்று சொல்லத்தான் பார்த்தார். நாக்கு இன்னும் நிரம்பவில்லை. நிரம்பிய ஒற்றைக் கண்ணுக்குத் தெரிந்தது டிரைவர் சீட் மட்டும். காலியாக இருந்தது. நம்பரைப் படிக்க ஆளில்லை.

மைத்துனர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.