இல்லாவிட்டால் உண்டாக்கு

யுத்தம் முடிந்து மூன்றாம் வாரம், சாய்ந்தமருதுக் கடற்கரையில் தன் சாச்சி, உம்மாவின் தங்கை சபூறாவின் வீட்டுக்குப் பஸால் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கையில் துவாயால் சுற்றிய கணினித் தாய்ப்பலகை. கொழும்பிலிருந்து வரும் வழியில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் அந்தத் துவாயை அவிழ்த்து, இது குண்டல்ல என்று விளக்கி விளக்கி அவனுக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது.

சுற்றிவர வேறு வீடில்லை. மணலில் அத்திவாரங்கள் மட்டும் கிடந்தன. அயலவர் எல்லாரும் ஊருக்குள் தள்ளிப் போய்விட்டார்கள். சபூறா அசையவில்லை.

அவளுடைய கணவர் மீராசா முன்னறையில் படம் பிடிக்கும் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். ஆழிப்பேரலை வந்த காலையில் அவரும் ஆறு வயது மகள் ஸம்றாவும் வீட்டில் இருந்தார்கள். சபூறா அக்கரைப்பற்றில், பஸாலின் உம்மா வீட்டில் இருந்தாள். அதனால் உயிர் தப்பினாள். அப்படித் தப்பியதை அவள் இன்றுவரை தனக்கு மன்னிக்கவில்லை. ஊர் முழுக்கப் படம் பிடித்த மனிதரின் வீட்டில், சொந்த மகளின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சேற்றிலிருந்து எடுத்த கணினியின் வன்வட்டு ஒன்றுதான் மிச்சம். அதை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்துப் பாதுகாத்தாள். கொழும்புக்குக் கொடுத்துவிட மறுத்ததால்தான் அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

"சட்டை ஞாபகம் இரிக்கு மகன். சத்தம் ஞாபகம் இரிக்கு," என்றாள். "முகம்தான் வரமாட்டெங்குது. கண்ண மூடினா வேற வேற புள்ளையள்ற முகம் வருது."

பஸால், அந்த வட்டிலிருந்து மகளின் படத்தை எப்படியும் எடுத்துத் தருவேன் என்று வாக்குக் கொடுத்தான். வாக்குக் கொடுப்பதில் அவன் எப்போதும் ஒரு படி முந்திக்கொள்கிறவன்.

வட்டு சாகக் கிடந்தது. விண்டோஸ் எழும்பினால் வட்டு முழுவதையும் மோப்பம் பிடிக்கும். அந்த ஓட்டத்தை இது தாங்காது. அதனால் விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே, பலகையின் அடிமட்டத்தில் ஓடும் சின்ன நிரல் ஒன்றை எழுதி வந்திருந்தான். அது தேடி அலையாது. எந்த வட்டு, எந்தக் கோப்புறை, அதற்குள் எது என்று முழுப் பாதையையும் சொன்னால் நேரே போய் அந்தக் கோப்பை மட்டும் திறக்கும். ஓர் எழுத்துப் பிசகினாலும் வழியிலேயே நின்றுவிடும்.

முன்னறையில் பாய் விரித்து எல்லாவற்றையும் பொருத்தினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. மீராசா படங்களைத் தெருவாரியாக, பிறகு வீட்டுவாரியாக வைப்பவர் என்று தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தெருவின் பெயரை அடித்தான். சாய்ந்த கோடு. வீட்டுக்கு மீராசாவின் பெயர். சாய்ந்த கோடு. ஸம்றா.

பாதை இல்லை என்றது திரை.

"அவர்ர பேரையா அடிச்ச?" என்றாள் சபூறா. "நம்மட ஊருல வீடு ஆருக்கு? பொம்புளைக்குத்தானே. அவர் எல்லா வீட்டையும் வீட்டுக்காரிட பேருலதான் வெப்பார்."

கொழும்பில் தகப்பன் பெயர் கேட்கும் படிவங்களை நிரப்பி நிரப்பி ஊர் வழக்கமே அவனுக்கு மறந்து போயிருந்தது. வெட்கத்தோடு சபூறா என்று மாற்றினான்.

திறந்தது.

சபூறா வாயில் கைவைத்தாள். பஸால் அளவைப் பார்த்தான். பூச்சியம்.

அப்போதுதான் அவனுக்குத் தன் பிழை தெரிந்தது. ஒரு கோப்பைத் திறக்கும்போது எதற்காக என்றும் சொல்ல வேண்டும்: வாசிக்க, எழுத, இல்லாவிட்டால் உண்டாக்க. மாதிரி நிரலை அப்படியே பிரதி பண்ணியபோது அந்த மூன்றையும் நீக்காமல் அப்படியே வைத்துவிட்டான். படம் வேறு எந்தப் பெயரில் இருந்ததோ! இவன் கூப்பிட்ட பெயரில் எதுவும் இருக்கவில்லை. இல்லாததால், கணினி அந்தப் பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிட்டது.

செத்த பிள்ளையின் பெயரில், வெறுமையாய்.

அவன் சாச்சியிடம் சொல்லவில்லை. பையிலிருந்த மடிக்கணினியில் நிரலை அவசரமாகத் திருத்தினான். இனி வாசிக்க மட்டும். எழுதவோ உண்டாக்கவோ முடியாது. நிரலை மீண்டும் ஏற்றி அதே பாதையை அடித்தான்.

அளவு பூச்சியமில்லை.

இரண்டு தரம் பார்த்தான். யாரும் எழுதவில்லை; எழுத வழியுமில்லை. உள்ளிருப்பதைத் திரையில் கொட்டச் சொன்னான். ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்கள், ஒரே வரி.

கடல் \ றோட்டு

வட்டு கடகடப்பதை நிறுத்தியிருந்தது. வெளியே அலைச் சத்தமும் கேட்கவில்லை. முன்னறையில் ஈரச் சேற்றின் வாடை மெல்ல ஏறியது.

மூடிவிட்டு இன்னொரு தரம் திறந்தான்.

கடல் \ றோட்டு \ கடப்பு

முள்வேலியின் கடப்பு வாசலில் மரப்பலகை உரசும் சத்தம் கேட்டது. பஸால் திரும்பிப் பார்க்கவில்லை. காற்றாயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேலியோரத்துத் தென்னையில் ஓர் ஓலையும் ஆடவில்லை.

"என்ன எழுதியிரிக்கு மகன்?" என்றாள் சபூறா. அவளுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது.

வாசித்துக் காட்டினான். அவள் இன்னும் ஒருக்காத் திறக்கச் சொன்னாள். அவன் விசையை அமத்தினான்.

கடல் \ றோட்டு \ கடப்பு \ முத்தம் \ மம்டபம்

"முத்தத்தத் தாண்டினா இந்த முன் மண்டபம். மண்டபத்த மம்டபம் எண்டு போட்டிரிக்கு. எழுத்துப்பிழை சாச்சி. வட்டு பழுதாப் போச்சு," என்றான். தான் சொன்னதை அவனே நம்பவில்லை.

சபூறா திரைக்குக் கிட்ட நகர்ந்தாள்.

"அவக்கு வாயில மண்டபம் அப்பிடித்தான் வரும்," என்றாள்.

பஸாலின் வாய் தானாக ஓதத் தொடங்கியது. மின்கம்பியைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைக்கவேயில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டது நீங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "இவ்வளவு தூரம் வந்த புள்ளய வாசல்ல நிப்பாட்டிட்டுப் போறதா?"

"சாச்சி, அது ஸம்றா இல்ல. அது வேறென்னமோ. நான்தான் உண்டாக்கின."

உண்மையைச் சொல்லிவிட்டான். அவள் அதைக் கேட்டாள், விளங்கியும் கொண்டாள். பிறகு பாயில் சம்மணம் கொட்டி அமர்ந்து, சேலையை மடியில் சரிசெய்துவிட்டு, தன் விரலால் தானே அமத்தினாள்.

வரி நீண்டது. இந்தத் தரம் கடைசிச் சொல் மடி.

சேலை நடுவில் அமிழ்ந்தது.

ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அமிழுமோ, அவ்வளவு. அந்த இடத்திலிருந்து ஈரம் வட்டமாய்ப் பரவியது. சபூறா கண்ணை மூடிக்கொண்டாள். வெறுங்காற்றில் அவளுடைய கை, தலை தடவுவதுபோல் போய்ப் போய் வந்தது.

"முகம் வந்திட்டு மகன்," என்றாள்.

பஸால் செருப்பைக்கூடப் போடவில்லை. சுடுமணலில் ஓடி, பிரதான வீதியில் முதலில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினான். அது பொத்துவிலுக்குப் போகிற பஸ் என்பது அக்கரைப்பற்று தாண்டிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

எட்டு நாள் கழித்து, மனச்சாட்சி குத்தியதால் கொழும்பிலிருந்து சாச்சிக்குப் போன் எடுத்தான். பலகையின் மின்சாரத்தை நிறுத்தினீர்களா என்று கேட்டான். அது அன்றைக்கே அணைந்துவிட்டதாம். சரியான படத்தை எடுக்க இன்னும் வழியிருக்கிறது, யாரிடமாவது வட்டைக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினான். அவனுடைய குரல் உயர்ந்துவிட்டது.

"இனிப் படம் எதுக்கு மகன்?" என்றாள் சபூறா. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மெல்லக் கதைங்க. இப்பத்தான் கண்ணயர்ந்தா."

அவள் பேச்சு நின்ற இடத்தில், தண்ணீர் கட்டிய சின்ன மூச்சு ஒன்று ஏறி இறங்குவது பஸாலுக்குக் கேட்டது.