பட்டினிக் கோடு

காலை ஆறரைக்கு ஜெமீலா வந்து பார்த்தபோது குளத்தில் தாய்மீன்கள் இல்லை. ஐந்து கொடுவாக்களில் ஒன்று மட்டும் மூலையில் பதுங்கி நின்றது. வாவிப் பக்கத்து வலைவேலி அறுந்து தொங்கியது.

நாவற்குடா மீன் ஆய்வு நிலையத்தில் அவற்றைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள் அவள். போன வருடம், தொண்ணூறில், சண்டை மூண்டு ஊரே ஓடியபோதுதான் விட்டுப் போனாள். மாதக்கணக்கில் இரை போட ஆளில்லை. திரும்பி வந்தபோது அவை வெறும் தலையும் வாலுமாய் மெலிந்து, உயிரை மட்டும் வைத்திருந்தன.

பத்து மணிக்குள் கள்ளனும் அகப்பட்டான். வேலிக்கு அப்பால் குடியிருக்கும் தோணிக்காரன் கோணாமலை. முற்றத்தில் கொடுவாச் செதில், சட்டியில் கொடுவாத் தலை. வேறென்ன வேண்டும்? மூன்று மாதத்துக்கு முன் வாகரையிலிருந்து வேலைக்கு வந்த காவலாளி வினாயகமூர்த்தி, அறுந்த வேலியடியில் பொறுக்கியதென்று ஒரு பிடி செதிலையும் காகிதத்தில் மடித்துப் பொலிசிடம் கொடுத்தான்.

இன்ஸ்பெக்டர் றவூப் கோணாமலையைப் பார்த்தார்.

"மீன் எங்கால?"

"வாவியில புடிச்சன் சேர்."

"எப்ப?"

"விடியச்சாமம்."

"ஊரடங்கு நேரத்திலயா?"

கோணாமலை விலங்கிட்ட கைகளைக் கூப்பினான்.

"பின்னேரம் ஆமிக் கேம்புக்கு அனுப்பணும் மிஸ்," என்றார் றவூப். "இரவில வாவியில நிண்டு, இயக்கத்தில ஆருக்கு மீன் குடுத்தான் எண்டு அவங்க விசாரிப்பாங்க."

கேம்புக்குள் போவது சுலபம். திரும்பி வருவதற்கு எவரும் உத்தரவாதம் தந்ததில்லை.

"போற வழியில ஜீப்பை இங்க நிப்பாட்டுங்க சேர். அந்த வேலியடிச் செதிலை எனக்குத் தாங்க."

கோணாமலையின் மனைவி சீதேவிப்பிள்ளை முற்றத்திலேயே இடிந்துபோய் இருந்தாள். "ஒரே ஒரு மீன்தான் மிஸ். பாதிய அயலுக்குள்ள வித்தன். உங்கட காவல்காரரும் காலமையே வந்து ஒரு துண்டு வாங்கினவர். இவர விட்டிருவாங்களா?"

ஜெமீலா பொய்க்கு ஆறுதல் சொல்லவில்லை. முற்றத்துச் செதிலில் கொஞ்சம் அள்ளிக்கொண்டாள். பிறகு இடுப்பளவு சேற்றில் இறங்கி, மிஞ்சிய கொடுவாவோடு மல்லுக்கட்டி, அதன் உடம்பிலிருந்து ஒரு செதிலை உரித்தெடுத்துவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டாள்.

கரண்ட் இல்லை. செதிலைப் பெருப்பித்துப் பார்க்கும் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினாள். வெயிலோ தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கோணாமலையை ஏற்றிய ஜீப் வந்து நின்றபோது மூன்று செதில்களும் கண்ணாடித் தகடுகளில் தயாராக இருந்தன.

"மீன் வளர வளரச் செதிலும் வளரும் சேர், வளையம் வளையமா. வருசத்துக்கு ஒருக்கா, மாரியில, வளையங்கள் நெருங்கும். அந்த நெருக்கத்தை எண்ணினா வயசு. இது குளத்தில மிஞ்சின மீன்ர செதில். பாருங்க."

றவூப் குனிந்தார். "அஞ்சு இரிக்கி. ஆனா நாலாவதுக்கு அங்கால கறுப்பாத் தடிச்சு ஒரு கோடு?"

"நாங்க ஓடின மாசங்கள். இரையில்லாம வளர்ச்சி நிண்டுபோச்சு. ஒரே குளம், ஒரே பட்டினி. அஞ்சு மீனுக்கும் அந்தக் கோடு இரிக்கணும். இது கோணாமலை வீட்டுச் செதில்."

"மூணு வயசு. கோடு இல்ல."

"வாவி மீன் அது. போன வருசம் வாவியில வலை விழயில்ல; அதுகள் நல்லாத் திண்டு கொழுத்ததுகள். இப்ப கடைசித் தகடு. வேலியடியில கிடந்த செதில். கள்ளன் என்ர மீனை இழுத்துப் போயிருந்தா இதில கோடு இரிக்கணும்."

றவூப் நெடுநேரம் பார்த்தார். "இதுவும் மூணு வயசு. கோடு இல்ல."

"ஓம். கோணாமலை வீட்டு மீன்ர செதில் எங்கட வேலியடிக்கு நடந்து வராது. காலமை மீன்துண்டு வாங்கப் போனவர்தான் முத்தத்தில கிடந்ததை அள்ளிக் கொண்டு வந்து போட்டிரிக்கிறார்."

எல்லோரும் வினாயகமூர்த்தியைப் பார்த்தார்கள்.

"செதில் எண்டா எல்லாம் செதில்தானே மிஸ்," என்றான்.

"போன வருசம் நீ இங்க இல்ல. இரிந்திருந்தா அந்தப் பட்டினி உனக்கும் தெரிஞ்சிரிக்கும்."

கள்ளன் கையில் இருக்கும்போது காவலாளியின் அறையை யார் சோதிப்பார்? இப்போது சோதித்தார்கள். கட்டிலுக்குக் கீழே ஐஸ்பெட்டியில் நான்கு கொடுவாக்களும் கிடந்தன. ஜெமீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

றவூப் கோணாமலையின் விலங்கைக் கழற்றினார். "நீ விடிஞ்ச பிறகுதான் தோணி எடுத்தாய். விளங்கிச்சா?"

"ஓம் சேர்."

போகுமுன் கோணாமலை நுணுக்குக்காட்டிக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தான். கறுத்த கோட்டிலேயே கண் நின்றது.

"நல்ல காலம் மிஸ், நமக்குச் செதில் இல்ல."

"ஓடிப்போ," என்றாள் ஜெமீலா. "ஊரடங்கு தொடங்கப் போகுது. சீதேவிப்பிள்ளை வீட்டுப் படலையில நிக்கிறா."