முன்வண்டி

நான்கு பக்கமும் சங்கிலியால் கட்டப்பட்ட லாரி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பின்சக்கரங்கள் விசைமேடையின் இரும்பு உருளைகளைச் சுழற்ற முயன்றன. உருளைகள் எளிதில் சுற்றாமல் எதிர்த்துப் பிடித்தன. பிடியை மீறிச் சக்கரம் எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்கிட்டு, சுவரில் இருந்த திரை ஓர் எண்ணைக் காட்டியது. 412 குதிரைத்திறன்.

ரிதன்யா மேடையை நிறுத்தினாள். சங்ககிரியில் சுருதிப் பட்டறை நடத்துகிறவள் அவள். என்ஜினுக்கு வலுவேற்றுவதை அந்த ஊரில் சுருதி சேர்ப்பது என்றுதான் சொல்வார்கள். வலுவேற்றும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை வண்டியை மேடையில் ஏற்றி அளப்பது வழக்கம். இது முன் அளவு.

வண்டிக்காரன் கவினேஷ் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்.

"சர்வேஷுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"அவரு வண்டி நெத்தியிலயே இருக்குதுங்களேண்ணா," என்றாள் ரிதன்யா.

அவனுக்கும் தெரியும். ஒவ்வொரு லாரியும் கடைசியாக அளந்த குதிரைத்திறனை நெற்றிப் பலகையில் ஒளிரவிட்டுக்கொண்டுதான் சாலையில் ஓட வேண்டும். சரக்குச் சந்தையில் இப்போது தரகர்கள் கிடையாது. இயந்திரம் அந்த எண்ணைப் பார்த்து லோடுகளைப் பிரித்துக் கொடுத்தது. பெரிய எண்ணுக்கு மலைப்பாதை, வெளிமாநிலம், நல்ல சரக்கு. சின்ன எண்ணுக்கு மிச்சம் இருப்பது. பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட வாசலில் நிற்கும் வண்டியின் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள்.

சர்வேஷின் நெற்றியில் 447 எரிந்தது.

சர்வேஷ் அவனுடைய சகலை. கவினேஷின் மனைவி சம்யுக்தாவின் தங்கை சாதனாவைக் கட்டியவன். இருவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே நீல நிறத்தில் வண்டி எடுத்தார்கள். மாமனார்தான் இரண்டு சாவியையும் எடுத்துக் கொடுத்தார். அப்படிப்பட்ட இரண்டு வண்டிகளுக்கு நடுவே அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பது கவினேஷை அரித்துக்கொண்டிருந்தது. மாமனார் வீட்டுக்குப் போனால் சர்வேஷின் வண்டி வேப்பமர நிழலில் நிற்கும். தன்னுடையது வெயிலில் நிற்பது தற்செயல் என்று அவனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சாப்பாட்டில் சர்வேஷின் இலைக்கு முதலில் பாயசம் வந்தால் அதுவும் அந்த எண்ணால்தான் என்று தோன்றியது.

ரிதன்யா வேலையை விளக்கினாள். முன்பெல்லாம் எரிபொருளையும் காற்றையும் கூட்டிக் குறைத்து வலுவேற்றுவார்கள். இந்த ஹைட்ரஜன் என்ஜின்களில் கற்றுக்கொள்ளும் பொறிமூளை இருந்தது. அதற்கு ஒரு முன்வண்டியை, அதாவது தாண்ட வேண்டிய வண்டியைக் காட்டிவிட்டால் போதும். மோதாமல் இருப்பதற்காக லாரிகள் சாலையில் ஓயாமல் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பைக் கேட்டு, முன்வண்டி எந்த மேட்டில் எப்படி இழுக்கிறது, எந்த வளைவில் கியரை மாற்றுகிறது என்று பொறிமூளை கவனிக்கும். பிறகு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்.

நாமக்கல்லில் 600 குதிரைத்திறனில் ஒரு வண்டி ஓடுகிறது, அதை வைத்தால் நல்ல பலன் கிடைக்கும் என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம். சர்வேஷ் வண்டிய வையி," என்றான் கவினேஷ். அவள் அந்த வண்டியையே பதிந்தாள்.

பலன் தெரிந்தது திம்பம் மலைப்பாதையில். இரண்டு பேரும் மைசூருக்கு சிமெண்ட் ஏற்றிக்கொண்டு போனார்கள். சர்வேஷின் வண்டி முன்னால் போனது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் கவினேஷின் என்ஜின் சத்தம் மாறியது. மிதிக்கு மேல் கால் சும்மாதான் இருந்தது. வண்டி தானாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவதுபோல் இருந்தது. அகலமான ஒரு வளைவில் அவன் முந்தினான். முந்தும்போது கண்ணாடியில் சர்வேஷின் முகத்தைத் தேடிப் பார்த்தான். அந்த முகம் சுருங்கியதைக் கண்டபோது மனசு குளிர்ந்தது. மைசூர் போய்ச் சேரும்வரை அவன் தனியே பாடிக்கொண்டே ஓட்டினான்.

பின் அளவு 471 வந்தது. நெற்றியில் எண்ணை மாற்றியதும் நேராக மாமனார் வீட்டுக்குத்தான் வண்டியை விட்டான். நிழலில் இடம் காலியாக இருந்தது. அங்கே நிறுத்தினான்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. சர்வேஷின் நெற்றியில் விரைவிலேயே 480 எரிந்தது. இவன் வண்டி சாலையிலேயே கற்றுக்கொண்டு அதைத் தாண்டியது. அது திரும்பவும் இதைத் தாண்டியது. இருவரும் மாறி மாறி விசைமேடைக்கு வந்துபோனார்கள். ஒருவர் வண்டி மேடையில் இருந்தால் மற்றவர் டீக்கடையில் காத்திருந்தார். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. சர்வேஷின் மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது கவினேஷ் மலைமேல் இருந்தான். அப்படி என்ன அவசர லோடு என்று சம்யுக்தா கேட்டாள். அவன் டயரில் காற்றுப் பார்க்கப் போய்விட்டான். சகலை விசேஷத்தில் நிற்கிற நேரத்தில் தான் ஒரு நடை கூடுதலாக அடித்துவிடலாம் என்று கிளம்பியிருந்தான்.

இரண்டு எண்ணும் 540-ஐத் தாண்டின. ரிதன்யா இருவரையும் எச்சரித்தாள். பொறிமூளை கற்றுக்கொண்டே போகும், இரும்பு அப்படி இல்லை என்றாள். முதலில் அவன் நிறுத்தட்டும் என்றான் கவினேஷ். சர்வேஷும் அதே பதிலைத்தான் சொன்னதாக அவள் பிறகு சொன்னாள்.

ஒரு மழைக்காலக் காலையில், திம்பத்தில், சர்வேஷ் பின்னாலிருந்து முந்த வந்தான். இரண்டு என்ஜின்களும் மலையை அதிரவைத்தன. ஏதோ வெடித்தது. கண்ணாடியில் பார்த்தபோது சர்வேஷின் நெற்றிப் பலகை அணைந்திருந்தது. வண்டி பின்னோக்கி உருண்டு, வளைவின் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது.

அணைந்த பலகையைப் பார்த்த அந்த நொடியில் கவினேஷுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு மழையில் ஓடினான். கதவை நெம்பி, கால் நசுங்கிக் கிடந்தவனை வெளியே இழுத்தான். ஆம்புலன்ஸில் சத்தியமங்கலம் ஆஸ்பத்திரி போகும்வரை அவன் தலையைத் தன் மடியிலேயே வைத்திருந்தான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் மாமனார் சர்வேஷின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தபோது, தூக்கி வந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற எண்ணமும் அவனுக்கு வந்தது.

சர்வேஷின் கால் முழுதாகச் சரியாகவில்லை. வண்டியை உடைத்து இரும்புக்குப் போட்டான். இப்போது சங்ககிரியில் கவினேஷின் நெற்றிதான் எல்லாருக்கும் மேல். சந்தை இயந்திரம் கேட்காமலேயே அவனுக்கு மலை லோடுகளை ஒதுக்கியது.

வண்டிதான் இழுக்கவில்லை. சமதரையில் நன்றாக ஓடும். மேட்டைக் கண்டால் அலுத்துக்கொண்டு மெதுவாக ஏறும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் அவசரப்படவில்லை. நேற்று வந்த சின்ன வண்டிகள்கூட அவனைக் கடந்து போயின. விசைமேடையில் ஏற்றினான். திரையில் 388 என்று வந்தது. சுருதி சேர்ப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு.

ரிதன்யா என்ஜின் முழுவதையும் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை. பொறிமூளையின் பதிவைத் திறந்தவுடன் காரணம் தெரிந்தது. அது சர்வேஷின் துடிப்பை இன்னும் தேடிக்கொண்டிருந்தது. கேட்காததால், தாண்ட வேண்டியவர் யாரும் இல்லை என்று முடிவுகட்டி, எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

"அவரு மறுபடி ஒரு வண்டி ஓட்டுனா இதுக்கு வேகம் வந்துரும்ண்ணா. இல்லீனா கத்துக்கிட்டது மொத்தத்தையும் தொடைச்சுட்டு, வேற முன்வண்டி வெச்சு மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

கவினேஷ் அங்கிருந்து நேராக சர்வேஷின் வீட்டுக்குப் போனான். லாரிக்காரர்கள் எல்லாரும் சாலையில் இருக்கிற மத்தியான நேரம். சர்வேஷ் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே, வாய் திறந்தபடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். கவினேஷ் எழுப்பாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். தான் அப்படித் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைவுக்கு வரவில்லை.

விழித்துக்கொண்ட சர்வேஷ் நொண்டிக்கொண்டே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். சாதனா மில்லுக்குப் போகிறாள், நான் சமைத்து, பாப்பாவைப் பள்ளியில் விட்டு, கூட்டி வருகிறேன் என்றான். கவினேஷ் வந்த விஷயத்தைச் சொன்னான். ஒரு வண்டி எடு, நான் உன்கூட நிற்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே ஓட்டலாம் என்றான். கெஞ்சுவதுபோல் தன் குரல் இருப்பது அவனுக்கே கேட்டது.

சர்வேஷ் சிரித்தான். "என் வண்டிக்கு முன்வண்டி எதுன்னு தெரியுங்களாண்ணா? உங்க வண்டிதான். மொதல்ல இருந்தே."

"என்னுது உன்னுதுக்குப் பின்னாலதானப்பா இருந்துச்சு."

"வண்டி பின்னாலதானுங். ஆனா மாமா எதுக்கெடுத்தாலும் பெரிய மாப்பிள்ளையக் கேட்டுக்கலாம்பாரு. சாதனாவும் அக்கா வீட்டுக்காரரு மாதிரி பொறுமையாப் பேசுங்கன்னு சொல்லிட்டே இருப்பா. உங்களத் தாண்டோணும்னு இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது வண்டிதான், வண்டியில தாண்டுனேன்."

கவினேஷ் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"இப்ப?" என்று கேட்டான்.

"இப்ப ஒண்ணுமில்லீங்ணா," என்றான் சர்வேஷ். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தம் இல்லை. பாப்பாவைக் கூப்பிட நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டான். வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, எதிர்ப்பக்கமாக மெல்ல நடந்து போனான். ஒரு முறைகூடத் திரும்பி வண்டியின் நெற்றியைப் பார்க்கவில்லை.

மறுநாள் ரிதன்யா பொறிமூளையைத் துடைத்தாள். வண்டி மறுபடியும் சங்கிலிகளுக்கு நடுவே மேடையில் நின்றது.

"யாரை முன்வண்டியா வைக்கட்டுங்ண்ணா?" என்று கேட்டாள். திரையில் வட்டாரத்து லாரிகள் ஒவ்வொன்றாக வந்து போயின. நாமக்கல்லின் 600-ம் வந்தது. கவினேஷ் எல்லாவற்றையும் பார்த்தான். எதன் மேலும் அவனுக்கு ஆத்திரம் வரவில்லை. எவனுடைய முகமும் கண்ணாடியில் சுருங்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் திரும்பவும் கேட்டாள்.

யாரைத் தாண்ட வேண்டும் என்பது நேற்று மத்தியானத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். அந்த ஆளுக்குத்தான் வண்டி இல்லை.