பஞ்சு திணித்த கதவு

கரகண்டா ரயில் நிலையத்தில் குல்பாஷ் இறங்கியபோது நிலக்கரிப் புகை படிந்து பனி கறுத்துக் கிடந்தது. அம்மா இறந்து வருடம் முடியப்போகிறது. நினைவு விருந்துக்காகத் தெற்கே ஷிம்கெண்ட் நகரிலிருந்து வந்திருந்தாள். போன வருடம் கால் எலும்பு முறிந்து கிடந்ததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அன்று முதல் ஒரே கேள்விதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

கடைசி நேரத்தில் அம்மாவின் வாயில் தண்ணீர் விட்டது யார்?

போனில் கேட்டபோதெல்லாம் தம்பி சனாத், "தூக்கத்திலயே போயிட்டாக்கா" என்று முடித்துக்கொண்டான்.

நாலாவது மாடியில் கதவைத் திறந்த தம்பி மனைவி இன்கார், உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாங்க அண்ணி. ராத்திரி வேலை முடிஞ்சு இப்பதான் கண்ணசந்தார். எழுப்பினா கரடி மாதிரி கத்துவார்."

"கரடிக்கு மூக்கு துடைச்சு வளர்த்தவளே நான்தான். தள்ளு."

வீட்டில் எண்ணெய் காயும் வாசனை. இறந்தவர்களுக்காகச் சுடும் ஷெல்பெக் ரொட்டி அடுப்பில் இருந்தது. குல்பாஷ் பையை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கதவின் இரு பக்கமும் பழுப்பு ரெக்சின். உள்ளே எதையோ கனமாகத் திணித்து, பித்தளைத் தலை ஆணிகள் வரிசையாக அடித்திருந்தார்கள். அந்த ஊரில் எல்லா வீட்டு வாசல் கதவும் அப்படித்தான் இருக்கும், படிக்கட்டுச் சத்தமும் குளிரும் வராமலிருக்க. வீட்டுக்குள் இருக்கும் அறைக்கு யாரும் செய்து அவள் பார்த்ததில்லை.

"இதுக்கு எதுக்கு இந்த வேலை?"

"சத்தத்துக்கு."

"யாரோட சத்தத்துக்கு?"

இன்கார் ரொட்டியைத் திருப்பப் போய்விட்டாள்.

குல்பாஷ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்பின் சீறல் நின்றது. குழாய்ச் சொட்டு நின்றது. தெருவில் ஓடிய பஸ்ஸின் இரைச்சலும் நின்றது. யாரோ இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தியதுபோல் இருந்தது. ஜன்னலில் பகல் வெளிச்சம் மங்கலாகத் தொங்கியது. ஈரக் கம்பளியின் வாடை வந்தது.

பயணக் களைப்பில் கட்டிலில் சாய்ந்தாள்.

"சனாத்..."

எழுந்து உட்கார்ந்தாள்.

"சனாத்... தண்ணி..."

குரல் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. இந்தப் பக்கமிருந்தும் வரவில்லை.

கதவுக்குள்ளிருந்து வந்தது.

அவள் அலறவில்லை. அம்மாவின் குரலுக்கு எப்படி அலறுவது? பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஆணிகளை நெம்பினாள். ரெக்சின் பிளந்து வெள்ளைக் கம்பளி ரோமம் பிதுங்கியது. அதோடு சிவப்பு வெல்வெட் துணியின் ஒரு கிழிசலும் வந்தது.

அம்மா படுத்திருந்த மெத்தையின் ஓரத் துணி அது.

ஒவ்வொரு வேனிலிலும் மெத்தையில் அடைத்த அந்தக் கம்பளியைப் பிரித்து, கழுவி, காயவைத்து, அம்மாவே கோலால் அடித்துப் பஞ்சாக்குவாள். பக்கத்தில் பிள்ளைகள் திட்டிக்கொண்டால் அதே கோலால் ஒரு போடு விழும். "கம்பளி முன்னால வாயைக் கட்டுங்க. சொன்னதை எல்லாம் வாங்கி வச்சுக்கும்" என்பாள்.

குல்பாஷ் கம்பளியைக் கையில் பிடித்தபடி சமையலறைக்கு வந்தாள். இன்கார் ரொட்டியை விட்டுத் திரும்பினாள்.

"செத்தவ மெத்தையை எடுத்தா திணிச்சீங்க?"

"செத்தப்புறம் இல்ல அண்ணி."

"அப்ப?"

"அவங்களைப் புரட்டிப் படுக்க வச்சு, அடியிலிருந்து உருவினார்." இன்கார் திடீரென்று சீறினாள். "ராத்திரி பூரா கொதிகலன் முன்னால வேகுறவர் பகல்லயாவது தூங்க வேணாமா? வாய் ஓயாம கூப்பிடுவாங்க. தண்ணி, போர்வை, சனாத், தண்ணி! ஷிம்கெண்டுல உக்காந்துகிட்டுப் பேசறது சுலபம்!"

"கடைசில வாயில தண்ணி விட்டது யாரு?"

எண்ணெயில் ரொட்டி கருகியது.

"அவர் தூங்கி எழுந்து பார்த்தப்ப... ஆறிப்போயிருந்தாங்க."

குல்பாஷ் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு கதவிடம் போனாள். கம்பளியில் விரலால் சொட்டினாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. மெழுகில் பட்டதுபோல் வழிந்து தரையில் விழுந்தது.

"சனாத்..." என்றது கதவு.

நேரே போய்த் தம்பியின் போர்வையை உருவினாள்.

"எழுந்திருடா. உன்னைத்தான் கூப்பிடறா."

அவன் திட்டவில்லை. முகம் சாம்பலாகியது.

"உனக்கும் கேட்டுதாக்கா?"

"உனக்குத் தெரியுமா?"

"அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கே கேட்டுது. அதான் மேல இன்னொரு அடுக்கு போட்டேன்."

அவனை அறைந்தாள். பிறகு கிண்ணத்தைக் கையில் திணித்தாள்.

"போ. குடு."

சனாத் உள்ளே போனான். யாரும் தொடாமலே கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

ஒரு சத்தமுமில்லை.

"சனாத்!"

குல்பாஷ் தட்டினாள். முஷ்டி மெத்தையில் புதைந்தது. மீண்டும் குத்தினாள். அவள் குத்தியது அவளுக்கே கேட்கவில்லை. இன்கார் ஓடிவந்து தோள் கொடுத்தாள். கதவு அசையவில்லை.

பிறகு தானாகவே திறந்தது.

சனாத் தரையில் உட்கார்ந்திருந்தான். கிண்ணம் காலியாக இருந்தது, துடைத்ததுபோல் உலர்ந்திருந்தது. அவன் வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. அவன் கத்திக்கொண்டிருந்தான்.

குரல் வரவில்லை.

அதற்குப் பிறகும் வரவில்லை. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். விருந்துக்கு வந்தவர்கள், "அம்மா மேல எவ்வளவு பாசம் பாரு, பேச்சே போயிடுச்சு" என்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு இறைச்சி சாப்பிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு, ரெக்சின் கிழிந்து தொங்கிய கதவில் குல்பாஷ் காதை வைத்தாள். அம்மாவின் குரல் இல்லை. நெடுநேரம் எதுவுமே இல்லை. பிறகு, கம்பளியின் ஆழத்திலிருந்து, மூச்சிறைக்க,

"அக்கா... இருட்டா இருக்கு... திறக்கா..."

திரும்பிப் பார்த்தாள். சமையலறையில் சனாத் தேநீர்க் கோப்பையை வெறித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன கேக்குது அண்ணி?" இன்கார் கிசுகிசுத்தாள்.

"ஒண்ணுமில்ல."

குல்பாஷ் பிதுங்கிய கம்பளியை உள்ளே தள்ளினாள். ரெக்சினை இழுத்து மூடினாள். தரையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கினாள்.

"அந்தச் சுத்தியலை எடு."