இரண்டு டிகிரியில் ஒரு பயணி

“ஆ... ஆ... ஆஆஆ!”

அந்த அலறலில் சூப்பர்மார்க்கெட்டின் பின்வாசலே ஆடிப்போனது.

டிரைவர்கள் காத்திருக்கும் அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவன் துள்ளி எழுந்தான். லாரி சாவியைக் கடைக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, சரக்கு இறங்கும்வரை அந்த அறையைவிட்டு அசையக் கூடாது என்பது விதி.

அலறலுக்கு விதி கிடையாது. ஓடினான்.

காலை மணி பத்து ஐந்து. லாரியின் பின்கதவு விரியத் திறந்து கிடக்க, உள்ளிருந்து குளிர் புகையாக வழிந்துகொண்டிருந்தது. சரக்கு வாங்கும் பெண்மணி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். ஐம்பது வயது, கனத்த உடம்பு, கையில் கணக்கு அட்டை. அதைக் கேடயம்போல நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருந்தாள்.

“என்னக்கா ஆச்சு?”

“தம்பி... உள்ள... பொணம்!”

“பாலு, தயிரு, சீஸு... பொணம் லிஸ்ட்ல இல்லையேக்கா!”

“விளையாடாத! கூண்டை இழுத்தேன்... கால் தெரியுது!”



எந்த டிப்போவுக்குப் போனாலும் அவனை ‘ஏஜென்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது நிரந்தர டிரைவர் லீவு போட்டால் இவனுக்கு வேலை. தெரியாத லாரி, தெரியாத ரோடு, தெரியாத கடை. தப்பு நடந்தால் மட்டும் தெரிந்த ஆள்... இவன்!

இவன் பேரில் ஏற்கெனவே இரண்டு புகார்கள். ஒன்று, கடை கேட்டின் தூணை முத்தமிட்டது. இரண்டாவது, ஐஸ்கிரீம் லோடைச் செருப்புக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்றாவது வந்தால் ஏஜென்சி பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். காலையில் மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்துச் சொன்ன ஒரே வாக்கியம் இதுதான்... “இன்னிக்காவது முழுசா வேலையோட வீட்டுக்கு வாங்க.”

ஒரு பிணம் எத்தனை புகாருக்குச் சமம்?

ஏறினான். இரண்டு டிகிரிக் குளிர் மூக்கைப் பிடித்துக் கிள்ளியது. முதல் கடையில் இறக்கியதுபோக மீதி, சக்கரம் வைத்த இரும்புக் கூண்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கழுத்துவரை சரக்கு. கடைசிக் கூண்டுக்குப் பின்னால்...

இரண்டு கால்கள்!

தடித்த கோட்டு. கழுத்தைச் சுற்றி மப்ளர். தலையில் தொப்பி. முகம் முள்ளங்கி நிறத்தில் இருந்தது. மடியில் ஒரு பெரிய பை.

ஏஜென்சி குனிந்தான். ஒற்றை விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டான்.

பிணம் கண்ணைத் திறந்தது!

“யோவ்...” என்றது.

கீழே பெண்மணி இரண்டாவது தவணையாக அலறினாள்.

“யோவ்... ஏன்யா... நிக்கல?” பற்கள் தந்தியடித்தன.

“எங்க நிக்கல?”

“ஹைவேல... டீக்கடை இருக்குற... ஓய்விடத்துல! எல்லா டிரைவரும் நிப்பான்ல! இருவது நிமிஷம் பிரேக் எடுப்பான்ல! இருவது வருஷமா இந்த ரூட்ல எவனும் அங்க நிக்காமப் போனதில்லையே!”

“அங்க ஓய்விடம் இருக்கிறதே எனக்குத் தெரியாது சார். முதல் கடையில சரக்கு இறக்குறவரைக்கும் ரூம்ல சும்மாதானே உக்காந்திருந்தேன். அதையே ஓட்டுற நேரத்தைப் பதியிற மிஷின்ல பிரேக்குன்னு அமுக்கிட்டேன்.”

கோட்டுக்காரருக்குக் குளிரையும் மீறிக் கோபம் வந்தது.

“அதைப் போய் எவனாவது பிரேக்ல காட்டுவானா? அது வெயிட்டிங்! வேலையில காட்டணும்! அப்புறம் ஹைவேல நின்னு நிம்மதியா டீ குடிக்கணும்! இதுகூடத் தெரியாம எதுக்குய்யா லாரி ஓட்ட வர்ற?”

“சட்டப்படி அது பிரேக்தான் சார்.”

“சட்டமாம், சட்டம்! நாலு மணி நேரமா உள்ள வெறைச்சுப் போயிருக்கேன்! போனுக்கு டவரும் இல்ல! தட்டினேனே... காதுல விழலையா?”

“கூண்டு ஆடுதுன்னு நெனச்சு ரேடியோவைக் கூட்டி வச்சுட்டேன்.”

“அடப்பாவி!”

“உள்ளேருந்து திறக்குற பிடி இருக்குல்ல? அதை இழுத்து இறங்கியிருக்கலாமே?”

“எம்பது கிலோமீட்டர்ல போற லாரியிலேருந்து குதிக்க நான் என்ன ஸ்டன்ட் மாஸ்டரா?”

“சிக்னல்ல நின்னேனே.”

“பின்னாடி நாப்பது வண்டிக்காரன் வாயப் பொளந்துட்டுப் பாப்பான்! பையோட இறங்கி வணக்கம் சொல்லச் சொல்றியா?”

பை!

ஏஜென்சியின் பார்வை அப்போதுதான் பையின்மேல் நிலைத்தது. பிடுங்கினான். ஜிப்பை இழுத்தான்.

உள்ளங்கை அளவு டப்பாக்கள். அத்தனையும் மீன் முட்டை! அந்த லாரியிலேயே விலை உசத்தியான சரக்கு. பூட்டிய தனிக் கூண்டில் வரும். பக்கத்தில் அந்தக் கூண்டு, பூட்டுத் திறந்து, காலியாக நின்றது.

அதற்குள் பெண்மணி தைரியத்தைத் திரட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். மப்ளரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

“அட... நம்ம மப்ளர் அண்ணே! தெனம் இந்த லாரியை ஓட்டிட்டு வர்ற மனுஷன்! உங்களுக்குக் காய்ச்சல்னு லீவு போட்டிருக்கிறதாச் சொன்னாங்க?”

“இப்ப வந்திருச்சும்மா...” என்று தும்மினார் மப்ளர்.

ஏஜென்சிக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. இவர் லீவு போட்டால் ஏஜென்சியிலிருந்து ஆள் வருவான். அவன் ஓய்விடத்தில் டீ குடிக்கும்போது இவர் உள்ளேயிருந்து கதவைத் திறந்து, பையோடு இறங்கிவிடுவார். கடைக்கு வந்தால், முதல் கடையில் கதவுக்குப் புதிதாகப் போட்ட சீல் உடைந்திருக்கும், டப்பா இருக்காது. திருடன் யார்? தெரியாத லாரி ஓட்டிவந்த தெரியாத ஆள்!

“ஓய்விடத்துல பையை வாங்கிக்க ஆள் நிக்குதா?”

“என் மச்சான்... வேனோட. லாரி வரலைன்னா சொல்ல வேண்டிய ஆளுக்கு உடனே போன் அடிடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.” மப்ளர் பல்லைக் கடித்தார். “சீட்டைச் சாய்ச்சுத் தூங்கியிருப்பான். அவன் கல்யாணத்துலயே தூங்கினவன்!”

“அது சரி... டிப்போல உங்களை உள்ள வச்சுச் சீல் போட்டது யாரு?”

மப்ளர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பற்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

“எதா இருந்தாலும் முதல்ல டிப்போவுக்குச் சொல்லு தம்பி,” என்றாள் பெண்மணி. “இல்லாட்டி நீயும் கூட்டுன்னு சொல்லிடுவானுங்க.”

ஏஜென்சி டிப்போ சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். அவசரத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கியது.

“சார், நான் ஏஜென்சி டிரைவர். ரெண்டாவது கடையில நிக்கிறேன். ஒரு பிரச்சினை...”

“தெரியும்யா!” சூப்பர்வைசரின் குரல் குஷியாக வந்தது. “நாப்பது டப்பா மீன் முட்டை காணோம், அதானே? உன்மேல புகார் எழுதி உங்க ஆபீஸுக்கு அனுப்பிட்டேன். மூணாவது புகாராமே? இனி லாரியைத் தூரத்துலேருந்து பாத்துக்க!”

மூன்றாவது!

போச்சு. பட்டியலிலிருந்து பெயர் போச்சு. இன்று வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? அப்படியே லாரியின் பின்பக்கம் சரக்கு இறக்கும் லிப்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

பெண்மணி மட்டும் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்தாள். போனை நோக்கிக் குனிந்தாள்.

“சூப்பர்வைசர் சார்... நான் கடையில சரக்கு வாங்குறவ பேசுறேன். நான் இன்னும் ஒரு டப்பாகூட எண்ணலையே! நாப்பது காணோம்னு உங்களுக்கு யாரு சொன்னா?”



ஏஜென்சி மெல்ல நிமிர்ந்தான். பையைக் கவிழ்த்தான். எண்ணினான். பத்து... இருபது... முப்பது...

நாற்பது!

“புகாரை எத்தனை மணிக்கு சார் அனுப்பினீங்க?”

“அ... அது... ஒம்பதரைக்கு...”

“நான் கடைக்குள்ள நுழைஞ்சதே பத்து மணிக்கு சார்!”

லைன் கட்டானது.

மப்ளர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அந்த ஆளுக்கு எப்பவுமே இதே வியாதி! பத்து மணிக்கு ஷிப்ட் முடியுது, வேலையை மிச்சம் வச்சுட்டுப் போகக் கூடாதுன்னு எல்லாப் பேப்பரையும் முன்னாடியே எழுதி வச்சிருவான்! திருட்டையும் முன்னாடியே எழுதிட்டான் முட்டாப்பய! சீல் போட்டதும் அவன்தான்... கூண்டு சாவி கொடுத்ததும் அவன்தான்! எல்லாத்தையும் சொல்லிடுறேன்யா... யாராவது ஒரு டீ குடுங்க!”

பெண்மணி போன் போட்ட இருபது நிமிடத்தில் போலீஸ் வந்தது. மப்ளரைக் கம்பளியோடு ஏற்றிக்கொண்டது. இன்னொரு ஜீப் டிப்போவுக்குப் பறந்தது. சூப்பர்வைசர் வீட்டுக்குக் கிளம்ப, காருக்குள் ஒரு காலை வைத்திருந்தபோது பிடித்தார்களாம். விசாரணை முடிந்து, சரக்கும் இறங்கியபோது மணி பன்னிரண்டு.

“தைரியசாலிதான் தம்பி நீ,” என்றாள் பெண்மணி.

“நானா? நீங்க கேட்டீங்க, தப்பிச்சேன். எனக்கு அழுகையே வந்துடுச்சுக்கா.”

“பாத்தேன். கண்ணைத் துடைச்சுக்க. மூணாவது கடைக்கு நேரமாச்சு பாரு.”

சாவியை வாங்கிக்கொண்டு ஏறினான். இன்ஜினை உயிர்ப்பித்தபோது போன் அடித்தது. ஏஜென்சி ஆபீஸ் மேடம். எப்போதும் எரிந்து விழுகிற குரல் இன்று தேனில் ஊறியிருந்தது.

“சார்... உங்க புகாரைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன்.”

சார்! ஆறு வருஷத்தில் முதல் சார்!

“சொல்லுங்க மேடம்.”

“போலீஸ் அதை சாட்சியா எடுத்துக்கிச்சு. திருட்டு நடக்குறதுக்கு முன்னாடியே சூப்பர்வைசர் தன் கையால எழுதின வாக்குமூலம் மாதிரியாம்! இந்த மூணாவது மட்டும் வராம இருந்திருந்தா உங்களையும்தான் உள்ள வச்சு விசாரிச்சிருப்பாங்க.”

மூன்றாவது புகாரே அவனைக் காப்பாற்றிவிட்டது!

“இன்னொண்ணு... டிப்போ மேனேஜர் பேசினாரு. அந்த மப்ளர்காரர் இடம் காலியாம். நாளையிலிருந்து அதே லாரி, அதே ரூட். நீங்க நிரந்தரம்! ஏதாவது கண்டிஷன் இருந்தாச் சொல்லச் சொன்னாரு.”

ஏஜென்சி கண்ணாடியில் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைத் தள்ளினான்.

“ஒண்ணே ஒண்ணுதான் மேடம்... லோடு பேப்பர்ல பாலு எத்தனை, தயிரு எத்தனைன்னு எழுதும்போது, ஆளு எத்தனைன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க... எண்ணி இறக்கணும்ல!”